கட்டளைக்கு ஒரு மொழி, பதிலுக்கு ஒரு மொழி

1751 ஆகஸ்டு 26ஆம் தேதி மதராஸிலிருந்து ஒரு சிறு படை மேற்கே புறப்பட்டது. ஐரோப்பியர் 200 பேர், இந்தியச் சிப்பாய்கள் 300 பேர், பீரங்கி மூன்று, அதிகாரிகள் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில் நால்வர் அதுவரை கிழக்கிந்தியக் கம்பெனிக் கிடங்கில் கணக்கெழுதிக் கொண்டிருந்தவர்கள். தலைமை தாங்கிய ராபர்ட் கிளைவுக்கு வயது 25. 29ஆம் தேதி காஞ்சிபுரம் சேர்ந்தார்கள். மாத முடிவில் ஆற்காட்டின் வாசலில் நின்றார்கள். பிறகு நடந்த ஐம்பது நாள் முற்றுகை பள்ளிப் பாடப் புத்தகம் வரை வந்துவிட்ட கதை.

மதராஸிலிருந்து பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரம் போகும் அந்தத் திசையில்தான் இன்று இருங்காட்டுக்கோட்டையும் சுங்குவார்சத்திரமும் ஒரகடமும் தொழிற்சாலைகளாக நிற்கின்றன. அந்த 300 சிப்பாய்களுக்குக் கிளைவ் எந்த மொழியில் கட்டளையிட்டார் என்ற கேள்விக்கும் இந்தத் தொழிற்சாலைகளுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

கிளைவுக்குத் தமிழ் தெரியாது. தெலுங்கோ இந்துஸ்தானியோ தெரியாது. இந்திய மொழி எதிலும் ஓர் உத்தரவு கொடுக்கக்கூட அவரால் முடிந்ததில்லை, ஆனால் போர்ச்சுகீசியம் சரளமாகப் பேசினார் என்று 19ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜான் கிளார்க் மார்ஷ்மன் எழுதியிருக்கிறார். அந்த மொழி அவருக்குக் கிடைத்த விதமே விசித்திரமானது. 1743இல் கம்பெனியின் எழுத்தராகக் கப்பலேறியவருடைய கப்பல் பிரேசில் கரையில் தரைதட்டி, சுமார் ஒன்பது மாதம் அங்கேயே கிடந்தது. போர்ச்சுகீசியத்தின் அரிச்சுவடியை அங்கே கற்றார். 1744இல் மதராஸில் இறங்கியபோது அந்தச் சிறிதளவு மொழியே பெரிய முதலாகிவிட்டது.

மதராஸில் ஆங்கிலேயருக்குப் போர்ச்சுகீசியம் எதற்கு? கோட்டைக்குத் தெற்கே சாந்தோமில் போர்ச்சுகீசியர் 1520களிலிருந்தே குடியிருந்தார்கள். ஆங்கிலேயர் 1640இல் கோட்டை கட்டத் தொடங்கியபோது கடற்கரை முழுக்க ஒரு நூற்றாண்டுப் பழக்கமுள்ள வேலைமொழி ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சமையற்காரர், ஆயா, தரகர், துப்பாக்கி தூக்கிய கலப்பினத் தொப்பாசிகள் என்று எல்லோர் வாயிலும் அது கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. இந்தியத் துறைமுகங்களில் அது இல்லாமல் மற்ற ஐரோப்பியர் தங்களைப் புரியவைப்பதே சிரமம் என்று சார்லஸ் லாக்யர் 1711இல் எழுதினார். சிதைந்து போனதுதான் என்றாலும் இங்கு வரும் ஐரோப்பியர் முதலில் கற்பது அதைத்தான் என்று அலெக்ஸாண்டர் ஹாமில்டன் 1727இல் எழுதினார். ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூல் 1695இல் ஆக்ஸ்போர்டில் போர்ச்சுகீசியத்தில் அச்சானது. ஓர் ஆங்கிலப் பல்கலைக்கழக நகரம் தன் வழிபாட்டை இன்னோர் ஐரோப்பிய மொழியில் அச்சிட்டு ஆசியாவுக்கு அனுப்பும் அளவுக்குத் தேவை இருந்தது.

எல்லாவற்றிலும் வெளிப்படையாகப் பேசும் ஆவணம் 1698ஆம் ஆண்டுப் பட்டயம். புதிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கிலாந்து அரசர் வழங்கிய அந்தப் பட்டயம், கம்பெனியின் குருமார் இந்தியா வந்த ஓராண்டுக்குள் போர்ச்சுகீசியம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. உள்ளூர் மொழியையும் கற்க முயல வேண்டும் என்றது. காரணத்தையும் மறைக்கவில்லை: கம்பெனிக்கும் அதன் முகவர்களுக்கும் வேலைக்காரர்களாகவும் அடிமைகளாகவும் இருக்கும் இந்துக்களுக்குப் புராட்டஸ்டண்டு மதத்தைப் போதிக்க வேண்டும். யார் பேச, யார் கேட்டுக்கொள்ள அந்த மொழி என்பது சட்ட வாசகத்திலேயே இருக்கிறது.

லிஸ்பனில் பேசப்பட்ட போர்ச்சுகீசியத்தில் ஏவல் எளிய விஷயம் கிடையாது. நெருக்கமானவரிடம் 'ஃபாலா' என்றால் 'பேசு'. மரியாதைக்குரியவரிடம் 'ஃபாலெ'. பலரிடம், அல்லது பழைய மரியாதை வழக்கில், 'ஃபாலாய்'. 'பேசாதே' என்று விலக்கவேண்டி வந்தால் வினையின் உருவமே மாறிவிடும். மரியாதை ஏவலான 'ஃபாலெ' எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அது விருப்பத்தையும் வாழ்த்தையும் சொல்லும் வினைவடிவம். அரசரை வாழ்த்தும் 'வீவா'வும் அந்த வடிவமே. ஒரே வினைமுற்றில் கட்டளையையும் வாழ்த்தையும் வேண்டுகோளையும் அடக்கும் வழக்கம் நமக்குப் புதிதா என்ன? நன்னூல் ஏவலையும் வியங்கோளையும் பிரித்து வைத்திருக்கிறது. 'வாழ்க' என்பதும் 'செல்க' என்பதும் ஒரே வியங்கோள். இவ்வளவு நுட்பமான இரண்டு மொழிகள் கோரமண்டலக் கரையில் சந்தித்தும், அந்த நுட்பம் இரண்டுக்கும் நடுவே கைமாறவில்லை. அதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

கைமாறியது வேறு சரக்கு. கடற்கரைகளில் வளர்ந்த கலப்புப் போர்ச்சுகீசியம் வினையின் விகுதிகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டது. காலத்தைக் காட்ட வினைக்கு முன்னால் 'தா', 'ஜா', 'லோ' என்று ஒரு சிறு சொல் போதும். நான், நீ, அவர்கள் என்று யாருக்கும் வினை மாறாது. சந்தையில் விலை பேசவும் வீட்டில் வேலை சொல்லவும் இது வசதி. கோவாவைச் சேர்ந்த மொழியறிஞர் செபஸ்தியாவ் ரொடோல்ஃபோ தல்காதோ 1900இல் இலங்கையின் இந்தக் கலப்புமொழிக்கு முழு நூல் எழுதினார். அது இன்றும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் வீடுகளில் சிலர் நாவில் உயிரோடு இருக்கிறது. தச்சு, கொல்லு, மெக்கானிக் வேலை செய்த குடும்பங்கள் அவர்கள். தமிழோடு மூன்று, நான்கு நூற்றாண்டுகள் பக்கத்தில் வாழ்ந்ததால் அந்த மொழியில் வினை இப்போது தமிழைப் போல வாக்கியக் கடைசிக்கு வந்துவிட்டது. அங்கே மரியாதையாக முன்னிலையைக் குறிக்க ஒரு தனிச் சொல்லும் இருக்கிறது. 'ஐயா' என்ற பொருளில் வரும் 'ஓ செஞோர்' என்பதிலிருந்து பிறந்தது. தாயும் பிள்ளையும் பேசும் மொழியானதும் மரியாதை தானாகத் திரும்பி வந்துவிட்டது.

தமிழில் என்ன மிஞ்சியது என்று பார்ப்போம். சாவி, மேசை, ஜன்னல், அலமாரி, துவாலை, கோப்பை, வராந்தா, பீப்பாய், ஏலம், ஆயா, பாதிரி, மேஸ்திரி. யாழ்ப்பாணத்துப் பக்கம் போனால் கதிரை, வாங்கு, சப்பாத்து, லேஞ்சி, களிசான், பாண், தாச்சி, குசினி. அத்தனையும் பெயர்ச்சொல். எடுத்து வா, துடைத்து வை, பூட்டு, திற என்று ஏவியபோது எதைச் சுட்டிக்காட்டினார்களோ, அந்தப் பொருள்களின் பெயர்கள். ஏவிய வினை எங்கே? பேச்சுத் தமிழில் நிலைத்த போர்ச்சுகீசிய வினை ஒன்றைக் காட்டுவது கடினம். இஸ்திரி மட்டும் ஒரு வினையிலிருந்து, இழுத்து விரிப்பதைக் குறிக்கும் 'எஸ்திரார்' என்பதிலிருந்து, வந்தது என்பது பலர் ஏற்கும் கருத்து. அதுவும் தமிழில் பெயராகிவிட்டது. 'இஸ்திரி போடு' என்றுதான் சொல்கிறோம். போடுவது தமிழ் வினை.

தமிழ் அயல் வினைகளை அண்டவே விடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. யோசி, ரசி, பிரகாசி என்று சமஸ்கிருத வினைகள் உள்ளே வந்து எல்லா விகுதியும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அதற்குப் பின்னால் இரு மொழியிலும் ஆழ்ந்த படிப்பாளிகளின் நெடுங்காலப் புழக்கம் இருந்தது. போர்ச்சுகீசியத்தோடு அப்படியொரு புழக்கம் தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு அமையவில்லை. எஜமானின் வாயிலிருந்து கிளம்பிய உத்தரவு வேலை செய்கிறவர் காதுக்குப் போய்ச் சேருமுன் ஒரு தமிழ் வாயைக் கடக்க வேண்டியிருந்தது. அந்த வாய் துபாஷியுடையது, மேஸ்திரியுடையது, ஜமேதாருடையது. 'கொண்டு வா'வா, 'கொண்டு வாங்க'வா என்று தீர்மானித்தவர் அவர்தான். வெள்ளைக்கார எஜமானுக்கு அந்த வித்தியாசம் காதிலேயே விழாது. கேட்டு நடந்தவருக்கோ அதுதான் அன்றைய நாளின் கௌரவமும் அவமானமும்.

கிளைவின் சிப்பாய்களுக்கும் இடையில் சுபேதார், ஜமேதார், ஹவில்தார் என்று ஓர் அடுக்கு இருந்தது. அந்த அடுக்கிலிருந்து எழுந்தவர்களில் பெரிய ஆள் யூசுப் கான், மருதநாயகம் என்று நாம் அறிந்தவர். தமிழும் இந்துஸ்தானியும் மட்டுமல்லாமல் ஆங்கிலம், பிரெஞ்சு, போர்ச்சுகீசியம் எல்லாம் அவருக்குத் தெரியும் என்று சொல்லப்படுகிறது. 1758-59இல் லாலியின் பிரெஞ்சுப் படை மதராஸை முற்றுகையிட்டபோது செங்கல்பட்டுச் சீமையில் திரிந்து அதன் உணவு வழிகளை அறுத்தவர் அவர். மேலிருந்து வரும் சொல்லையும் கீழிருந்து எழும் சொல்லையும் ஒரே ஆள் புரிந்துகொண்டால் எவ்வளவு வலிமை வரும் என்பதற்கு அவரே சாட்சி. அந்த வலிமை தங்களுக்கு எதிராகத் திரும்பியபோது கம்பெனியும் ஆற்காட்டு நவாபும் பொறுக்கவில்லை. 1764 அக்டோபரில் மதுரையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

ஆற்காட்டு முற்றுகையில் ஒரு கஞ்சிக் கதை உண்டு. சோற்றை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று இந்தியச் சிப்பாய்கள் கிளைவிடம் வந்து கேட்டார்களாம். மெக்காலே 1840இல் எழுதிய கட்டுரை அதை உலகறியச் செய்தது. அவர்கள் எந்த மொழியில் கேட்டார்கள், கிளைவ் எப்படிப் புரிந்துகொண்டார் என்று மெக்காலே ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிப்பாயின் விசுவாசம் வேண்டியிருந்தது; அவன் சொன்ன வாக்கியம் வேண்டியிருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒருவர் இரு நூற்றாண்டுக்கு முன்பே இதே நாட்டில் இருந்தார். போர்ச்சுகலிலிருந்து வந்து முத்துக்குளித்துறையில் பணிசெய்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியார். அவருக்கு முன்னால் 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழ் மந்திரங்களை மொழிபெயர்ப்பாளர் உதவியோடு மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்தார். ஹென்ரிக்கஸ் அதில் நிற்கவில்லை. 1549 வாக்கில் தமிழுக்குப் போர்ச்சுகீசியத்தில் ஓர் இலக்கணம் எழுதினார். இலத்தீன் இலக்கணம் தெரியாதவர்கள் ஜொவாவ் தெ பார்ரோஸின் போர்ச்சுகீசிய இலக்கணத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அதில் வழிகாட்டவும் செய்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடையது. தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சாகி நம் கைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புத்தகம். இந்த விவாதத்துக்கு அதைவிட முக்கியமானது 1580இல் கொச்சியில் அவர் அச்சிட்ட பாவசங்கீர்த்தன நூல். பாவசங்கீர்த்தனத்தில் பேசுகிறவர் பரவர் வீட்டு மீனவர், காதுகொடுக்கிறவர் பாதிரியார். நடுவில் மொழிபெயர்ப்பாளரை உட்கார வைக்க முடியாது. எதிராளி சொல்வதைக் கேட்டாக வேண்டிய வேலை அவருக்கு வாய்த்ததால் தமிழைக் கற்றாக வேண்டியிருந்தது. அவருடைய மதநோக்கத்தைப் பற்றி யாருக்கும் என்ன கருத்தும் இருக்கலாம். தமிழைக் கற்ற முறையில் அவர் கிளைவைவிடப் பல படி உயர்ந்தவர் என்பது என் முடிவு.

கம்பெனிக்கும் ஒருநாள் கேட்டாக வேண்டிய கட்டாயம் வந்தது. 1763இல் நவாப் செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராகக் கொடுத்தார். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமும் அதில் சேர்ந்தது. துணி வாங்கி விற்கும் வரை உத்தரவும் விலையும் போதும். நிலவரி வாங்க வேண்டுமென்றால் எந்த ஏரியில் எவ்வளவு நீர், எந்த மானியம் யாருக்கு, களத்தில் யாருக்கு எத்தனை மரக்கால் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 1767க்கும் 1774க்கும் இடையில் தாமஸ் பார்னர்டு இந்தச் சீமையின் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அடிப்படையாக இருந்தவை கணக்குப்பிள்ளைகளின் தமிழ் ஓலைகள். அங்கே போர்ச்சுகீசியம் ஒன்றுக்கும் உதவாது. 1812இல் கம்பெனி அதிகாரி எல்லிஸ் முன்னின்று புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை அமைத்தபோது இளம் அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் படித்தார்கள். 1698இல் விதியாக இருந்த போர்ச்சுகீசியம் சத்தமில்லாமல் வழக்கொழிந்தது.

இப்போது அதே சீமையில் ஒரு அசெம்பிளி லைனுக்குப் போவோம். ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தி தொடங்கியது. செயின்ட் கோபேன் 2000இல், சாம்சங் 2007இல், ரெனோ நிசான் 2010இல், டெய்ம்லர் 2012இல். கொரியர், பிரெஞ்சுக்காரர், ஜப்பானியர், ஜெர்மானியர் என்று எஜமானர்களின் தாய்மொழி பல. கொரிய எஞ்சினியரும் தமிழ் ஷிஃப்ட் இன்சார்ஜும் பேசிக்கொள்வது இருவருக்கும் சொந்தமில்லாத, விகுதி உதிர்ந்த ஓர் ஆங்கிலம். 'திஸ் சேஞ்ச், டுடே ஃபினிஷ்.' 18ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அது உட்கார்ந்திருக்கிறது. கொரிய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் மரியாதைக்கேற்ப வினை அடுக்கடுக்காக மாறும். அந்த நுட்பமும் இந்த ஆங்கிலத்துக்குள் வருவதில்லை.

ஷிஃப்ட் இன்சார்ஜிடமிருந்து லைன் லீடருக்கு, அவரிடமிருந்து ஆபரேட்டருக்கு உத்தரவு இறங்கும்போது பழைய கதை அப்படியே நடக்கிறது. கைசன், கன்பான், ஆண்டன், போகாயோகே, டார்க், ரீவொர்க் என்று பெயர்கள் வந்துவிட்டன, வினை தமிழ். 'டார்க் செக் பண்ணு', 'லைன் ஸ்டாப் பண்ணுங்க', 'அந்த பின்னை எடுத்துடுப்பா.' அந்தப் 'பண்ணு'வுக்கும் 'பண்ணுங்க'வுக்கும் நடுவில் வயது, ஊர், சாதி, நிரந்தர வேலையா கான்ட்ராக்டா என்ற அத்தனை கணக்கும் ஓடுகிறது. ஐம்பது வயதைத் தொட்ட ஹவுஸ்கீப்பிங் அம்மாவிடம் இருபத்திரண்டு வயது டிப்ளமோக்காரர் எந்த விகுதி போடுகிறார் என்பதை எந்த ஆடிட்டும் பதிவு செய்யாது. சுவரில் ஒட்டியிருக்கும் பலகைகள் இந்தச் சிக்கலிலிருந்து நழுவிக்கொள்கின்றன: 'ஹெல்மெட் அணியவும்', 'கையுறை இல்லாமல் தொடக் கூடாது.' யாரிடம் சொல்கிறோம் என்றே காட்டாத வடிவம் அது.

போர்ச்சுகீசியமே இந்தச் சாலைக்கு வேறொரு வழியில் திரும்பியிருக்கிறது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு, 2022 டிசம்பரில் பிரேசிலின் மனாஸ் நகரில் பாகங்களைச் சேர்த்து வண்டியாக்கும் கூடம் திறந்தது. கிளைவ் கப்பல் தட்டி நின்ற அதே நாட்டில், தமிழ்நாட்டில் பிறந்த வண்டிக்கு இப்போது போர்ச்சுகீசியத்தில் வேலை சொல்கிறார்கள்.

இங்கே லைனில் இன்னொரு மொழிப் பாடமும் நடக்கிறது. பீகார், ஒடிசா, ஜார்கண்டு, அசாமிலிருந்து வந்த இளைஞர்கள் கான்ட்ராக்டில் வேலை செய்கிறார்கள். தமிழ் லைன் லீடர்கள் அவர்களுக்காக இந்தி கற்கிறார்கள். கற்பது என்ன? 'உட்டாவ்', 'ரக்கோ', 'ஜல்தி கரோ.' எடு, வை, சீக்கிரம் செய். இந்தியிலும் 'கர்', 'கரோ', 'கீஜியே' என்று மூன்று படி உண்டு. லைனில் புழங்குவது பெரும்பாலும் நடுப்படி மட்டும். பல நூற்றாண்டு எஜமானர்களின் உத்தரவைத் தமிழாக்கிக் கேட்ட மண்ணில் நாமே இன்று இன்னொருவர் மொழியின் ஏவலை மட்டும் பொறுக்கி எடுக்கிறோம். இது எனக்கு உறுத்துகிறது. மனப்பாடம் செய்யும் பட்டியலில் 'க்யா ஹுவா' எங்கே, 'கஹாம் தர்த் ஹை' எங்கே? என்ன ஆச்சு, எங்கே வலிக்குது என்று கேட்கத் தெரியாதவர் ஒரு ஷிஃப்டுக்குப் பொறுப்பாளராக இருக்கலாமா?

ஜப்பானிய ஆலைமுறையில் ஆண்டன் என்று ஓர் ஏற்பாடு உண்டு. பிழை கண்ட தொழிலாளி கயிற்றை இழுப்பார் அல்லது பொத்தானை அழுத்துவார்; தலைக்கு மேல் விளக்கு எரியும்; சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். கீழே இருப்பவர் மேலே கொடுக்கும் கட்டளை அது. ஒரு வண்டியின் தரத்துக்காக இந்த உரிமையைக் கொடுத்த முறை, தன் வேலைநிலை பற்றிப் பேச அதே தொழிலாளிக்கு எவ்வளவு இடம் தருகிறது என்பது தனிக் கேள்வி. 2024 செப்டம்பர், அக்டோபரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியும் கோரிக்கையில் இருந்தது. முன்னால் நின்றது தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. ஒருவர் தனியாகச் சொன்னால் எழாத குரலை எல்லோரும் சேர்ந்து எழுப்ப ஓர் இடம் கேட்டார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

பேசும் அந்த உரிமை நடைமுறைக்கு வருவது மிகச் சாதாரணமான விஷயங்களில்தான். பணியாளர் குறைகளை எழுதித் தரும் படிவம் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் இருக்க வேண்டும். படித்துவிட்டு அதே மொழியில் பதில் எழுத ஆள் வேண்டும். பிரஸ் ஷாப்பில் கை மாட்டிக்கொள்ளும் நொடியில் 'நிறுத்து' என்று கத்துகிறவர் ஆபரேட்டர். அந்த நேரத்தில் கட்டளை அவருடையது. அவர் ஜார்கண்டுக்காரராக இருந்தால் வாயில் வரும் சொல் 'ரோக்கோ'. பக்கத்து மெஷினில் நிற்கும் தமிழருக்கும், கண்ணாடி அறையில் இருக்கும் கொரியருக்கும் அந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியின் முதல் நாளிலேயே அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.